பாட்டு உங்களுடையது, பணம் யாருக்கு? இசையை நம்பிப் பிழைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இசையில் சம்பாதிப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாலே பேச்சு நேராக ஸ்ட்ரீமிங்குக்குப் போய்விடுகிறது. ஒரு லட்சம் முறை கேட்டால் எவ்வளவு வரும், எந்தத் தளம் அதிகம் தரும், பிளேலிஸ்ட்டில் எப்படி நுழைவது என்று. கேட்க வேண்டிய கேள்விகள்தான், ஆனால் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டியவை. முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பாட்டு யாருடையது, அதற்கு எழுத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பது. இந்தத் துறையில் பணம் தாளில் யார் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போகும். யார் உருகி உருகி வாசித்தார்கள் என்று அது பார்க்காது.

அதனால் இதில் பாதிக்கு மேல் கையெழுத்து, பங்கு, எண் என்றுதான் இருக்கும். சலிப்பாக இருந்தால் மேடை பற்றிய பகுதிக்குத் தாவிவிடுங்கள், ஆனால் எதிலாவது கையெழுத்துப் போடும் முன் திரும்பி வந்து மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

படி 1: ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒரு சொத்து. அதைப் பாடிப் பதிவு செய்தால் கிடைக்கும் ஒலிப்பதிவு இன்னொரு சொத்து. துறையில் அதை மாஸ்டர் என்பார்கள். படைப்பு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரியது, படைப்பின் உரிமையை நிர்வகித்துப் பணம் வசூலித்துத் தரும் பப்ளிஷரிடம் அவர்கள் ஒப்படைத்திருந்தால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. மாஸ்டர் பெரும்பாலும் பதிவுக்குப் பணம் போட்டவர் கையில் இருக்கும்: லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் இசை நிறுவனம், போட்டால் லேபிள், உங்கள் காசு என்றால் நீங்கள். ஒரே மெட்டைப் பத்துப் பேர் பாடிப் பதிவு செய்தால் படைப்பு ஒன்றுதான், மாஸ்டர் பத்து.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் விவகாரத்தைச் சொல்வேன். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள் 2019இல் அவருக்குப் பிடிக்காத கைக்கு மாறின. பாடல்களை எழுதியவர் அவர் என்பதால் படைப்பில் அவருடைய பிடி அப்படியே இருந்தது. அதை வைத்து 2021 முதல் நான்கு ஆல்பங்களை மறுபடி பாடிப் பதிவு செய்து, புது மாஸ்டர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2025இல் பழைய மாஸ்டர்களையும் விலை கொடுத்து வாங்கிவிட்டார். அந்த அளவு பலம் நமக்கு இல்லைதான், ஆனால் எழுதியவர் கையில் எப்போதும் ஒரு சாவி இருக்கிறது என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

பதிப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டால்தான் உரிமை கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், பாட்டை உருவாக்கியதுமே உரிமை தானாக வந்துவிடும். பதிவு செய்வது பின்னால் வழக்கு என்று வந்தால் சாட்சியாக உதவும், சில நாடுகளில் வழக்குப் போடவே அது வேண்டும். முடிந்தால் செய்துவிடுங்கள், முடியவில்லை என்றால் பாட்டு பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

படி 2: ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன் பங்கை எழுதுங்கள்

இசைக்குழுக்கள் உடைவதற்கு ஈகோ, காதல், குடி என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அடியில் தோண்டினால் அடிக்கடி வருவது யார் எழுதியது என்ற சண்டைதான். பாட்டு ஓடாதவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஓட ஆரம்பித்த பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி ஞாபகம் வரும், அதில் யாரும் பொய் சொல்வதில்லை என்பதுதான் இன்னும் சிக்கல்.

இதற்கு ஒரு பக்கத் தாள் போதும். பாட்டின் பெயர், தேதி, பங்களித்த ஒவ்வொருவரின் அடையாள அட்டையில் இருக்கும் முழுப்பெயர், என்ன செய்தார், எத்தனை சதவீதம், எந்த ராயல்டி சங்கத்தில் (பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்குச் சேர வேண்டிய பணத்தை வசூலித்துத் தருவது, படி 3இல் வரும்) உறுப்பினர், கையெழுத்து. படைப்புக்கு ஒரு கணக்கு, மாஸ்டருக்குத் தனிக் கணக்கு, இரண்டும் தனித்தனியாக 100 வர வேண்டும். கையெழுத்து வாங்கக் கூச்சமாக இருந்தால் குறைந்தபட்சம் அன்று இரவே எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பி, அவரவர் ‘சரி’ என்று பதில் போட வையுங்கள். முறையான ஒப்பந்தம் ஆகாது, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

சதவீதம் எப்படிப் போடுவது என்பதில் இரண்டு கட்சி உண்டு. அறையில் இருந்த எல்லோருக்கும் சமமாக என்பது ஒன்று, மெட்டுக்கு இவ்வளவு வரிக்கு இவ்வளவு என்று அளந்து போடுவது இன்னொன்று. நிரந்தரக் குழுவுக்குச் சமப்பங்குதான் நல்லது என்பது என் கட்சி. எந்த வரி யாருடையது என்று அளக்க ஆரம்பித்தால் அடுத்த பாட்டில் எல்லோரும் தன் வரியைத் திணிக்கத்தான் பார்ப்பார்கள், பாட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களோடு வேலை செய்யும்போது அளந்து போடுவதே சரி.

கூலிக்கு வாசிக்க வந்தவர், மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சமன்செய்து கலப்பது) செய்தவர், கோரஸ் பாடியவர் எல்லோரிடமும் தனியாக ஒரு சின்ன ஒப்புதல் வாங்குங்கள்: இன்ன தொகை கிடைத்தது, மாஸ்டரில் உரிமை கோர மாட்டேன், அல்லது இவ்வளவு பங்கு உண்டு. பதிவு எப்படி ஒலிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் புரொடியூசருக்குச் சம்பளத்தோடு மாஸ்டர் வருமானத்தில் 3 முதல் 5 சதவீதம் தருவது பரவலான வழக்கம். இணையத்தில் வாங்கிய பீட் (மேலே பாடிக்கொள்ளத் தயாராக விற்கும் பின்னணி இசை) என்றால் அதன் உரிமத்தைப் படியுங்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வாடகைக்குத் தருபவை. இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் வரைதான் என்று உச்சவரம்பு இருக்கும், அதே பீட்டில் இன்னும் நூறு பேர் பாடியிருப்பார்கள்.

படி 3: எண்களும் சங்கங்களும்

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து-எண் அடையாளம் உண்டு. ரீமிக்ஸுக்குத் தனி எண், மேடைப் பதிவுக்குத் தனி எண். ஆனால் அதே பதிவை வேறு நிறுவனம் வழியாக மறுபடி வெளியிட்டால் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை காணாமல் போகலாம். மெட்டு, வரிகள் அடங்கிய படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்று வேறு எண், அது சங்கம் வழியாக வரும். எழுதியவருக்கு ஐபிஐ என்று ஒரு எண். இவை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு விதமாகப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு ராயல்டி வரவில்லை என்று அலைபவர்கள் ஏராளம்.

சங்கம் எதற்கு? உலகத்தில் இருக்கும் வானொலி, தொலைக்காட்சி, ஹோட்டல், அரங்கம் ஒவ்வொன்றின் வாசலிலும் நீங்கள் போய் நின்று வசூலிக்க முடியாது என்பதற்காக. இது தொடங்கிய விதமே சுவாரசியம். 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் ஒரு இசை விடுதிக்குப் போயிருக்கிறார், அங்கே அவருடைய பாட்டையே இசைத்துக்கொண்டிருந்தார்கள். என் பாட்டுக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை, உங்கள் பானத்துக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். விஷயம் நீதிமன்றம் போய் அவர் பக்கம் தீர்ப்பாகி, அதன் தொடர்ச்சியாக 1851இல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. இன்று பல நாடுகளிலும் இந்த மாதிரிச் சங்கம் இருக்கிறது, ஒன்றுக்கொன்று ஒப்பந்தம் போட்டு, வெளிநாட்டில் ஒலித்த பாட்டுக்கான பணத்தையும் வாங்கி அனுப்புகின்றன.

எழுதியவராகச் சேர்ந்ததோடு நின்றுவிடாதீர்கள், ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிவு செய்ய வேண்டும். உறுப்பினர் அட்டை மட்டும் வைத்திருந்தால் பணம் வராது. பல சங்கங்களில் தொகையை எழுதியவர் பங்கு, பப்ளிஷர் பங்கு என்று பிரிப்பார்கள். உங்களுக்கு பப்ளிஷர் இல்லை என்றால் அந்தப் பங்கு யாருக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாடுபவர்களும் வாசிப்பவர்களும் பெரும்பாலும் கோட்டைவிடும் இன்னொரு பணம் இருக்கிறது. ஒலிப்பதிவு பொதுவில் ஒலிக்கும்போது பாடியவருக்கும் மாஸ்டர் உரிமையாளருக்கும் சேர வேண்டியது அது. 1961 ரோம் ஒப்பந்தம் இதற்கு அடித்தளம். நாட்டுக்கு நாடு இது மாறும். அமெரிக்காவில் சாதாரண வானொலி மாஸ்டருக்கு ஒரு காசும் தருவதில்லை, டிஜிட்டல் வானொலி தர வேண்டும். அதை வசூலிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கும், 45 முதன்மைக் கலைஞருக்கும், 5 பின்னணியில் பாடியவர்கள், வாசித்தவர்களுக்கும் என்று பிரிக்கிறது. இதை வசூலிப்பது பெரும்பாலும் முன்னால் சொன்ன சங்கமாக இருக்காது, தனியாகச் சேர வேண்டியிருக்கும்.

படி 4: வெளியிடுதல், ஸ்ட்ரீமிங் கணக்கு

பெரிய தளங்களில் நீங்களே நேராகப் பாட்டை ஏற்ற முடியாது, உங்கள் சார்பில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். கட்டண முறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டிஸ்ட்ரோகிட் போன்றவை ஆண்டுச் சந்தா வாங்குகின்றன; சந்தாவை நிறுத்தினால், கூடுதல் கட்டணம் கட்டி வைத்திருந்தால் தவிர, பாட்டு இறங்கிவிடலாம். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒரு முறை கட்டணம், கூடவே வருமானத்தில் 9 சதவீதம். அடிக்கடி வெளியிடுபவருக்கு முதல் வகை, வருடத்துக்கு ஒன்று இரண்டு என்பவருக்கு இரண்டாவது. எதுவானாலும் மாஸ்டர் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது, அவர்கள் வெறும் விநியோகம்தான். பாட்டை மூன்று நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரைக்கவும், பின்தொடர்பவர்களின் வாராந்தரப் பட்டியலில் வரவும் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்ப வேண்டும்.

சரி, ஒரு ஸ்ட்ரீமுக்கு எவ்வளவு? நிலையான விலை என்று ஒன்று கிடையாது. பெரிய தளங்கள் பெரும்பாலும் ஒரு மாத வருமானத்தை ஒரே குவியலாகப் போட்டு, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்கு ஒதுக்கி, மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை சதவீதமோ அப்படிப் பிரிக்கின்றன. ஒதுக்கிய தொகை 1 கோடி, அந்த மாதம் மொத்தம் 10 கோடி கேட்பு, அதில் உங்களுடையது 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பாட்டுக்கு 10,000. அதிலும் பெரும்பகுதி மாஸ்டருக்கு, சிறுபகுதி படைப்புக்கு. அதாவது உங்கள் ரசிகர் நாள் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே கேட்டாலும் அவர் கட்டிய சந்தா முழுசாக உங்களுக்கு வராது, அது குவியலில் கலந்துவிடும். கேட்பவர் சந்தாவை அவர் கேட்ட கலைஞர்களுக்கே பிரிக்கும் முறையை சவுண்ட்கிளவுட் என்ற தளம் 2021இல் தொடங்கியது, ஆனால் பெரிய தளங்கள் பழைய முறையை விடவில்லை.

ஸ்பாட்டிஃபையில் 30 நொடி தாண்டினால்தான் கேட்பாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்பு தொடாத பாட்டுக்கு மாஸ்டர் ராயல்டியே கிடையாது. கேட்பை விலைக்கு வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் சிக்காதீர்கள்: போலிக் கேட்பு என்று கண்டுபிடித்தால் தளம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போடும், அவர் உங்களிடம் வசூலிப்பார், பாட்டும் இறங்கும்.

ஸ்ட்ரீமிங்கை ஒரு விலாச அட்டை மாதிரி வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலானோருக்கு நடைமுறை. கேட்கிறவர்களில் உங்களை உண்மையிலேயே பிடித்தவர்களைப் பண்ட்கேம்ப் மாதிரி நேரடி விற்பனைத் தளத்துக்கோ, உங்கள் மின்னஞ்சல் பட்டியலுக்கோ இழுத்து வாருங்கள். பண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பொருட்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. அங்கே ஒருவர் ஒரு ஆல்பம் வாங்கினால், அதே தொகை ஸ்ட்ரீமிங்கில் வருவதற்கு ஆயிரக்கணக்கான கேட்பு தேவைப்படும்.

படி 5: மேடை

பெரும்பாலான வாத்தியக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் அடுப்பு எரிவது மேடையால்தான். இங்கே விலை பேசத் தெரிய வேண்டும், அதற்கு முதலில் உங்கள் செலவு தெரிய வேண்டும். இரண்டு மணி நேர நிகழ்ச்சி என்று வாய் சொல்லும், ஆனால் ஒத்திகை, போக்குவரத்து, வாத்தியம் ஏற்றி இறக்குவது, சவுண்ட் செக், காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் இரண்டு முழு நாள் போயிருக்கும். கூட வாசிப்பவர்களின் சம்பளம், பயணம், தங்குமிடம் எல்லாம் கழித்து, உங்கள் கையில் எவ்வளவு நின்றால் இந்த வேலை தகும் என்று வீட்டிலேயே ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். அதற்குக் கீழே போனால் எழுந்து வந்துவிடலாம்.

பேச்சு மூன்று விதமாக வரும். ஒன்று நிச்சயத் தொகை, இரண்டு டிக்கெட் வசூலில் பங்கு, மூன்று இந்த இரண்டில் எது அதிகமோ அது. மூன்றாவதுதான் கலைஞருக்கு நல்லது. வசூல் பங்கு என்றால் எந்தெந்தச் செலவைக் கழித்த பிறகு என்று பட்டியல் வாங்கி, ஒரு உச்சவரம்பும் வையுங்கள். ‘செலவு போக’ என்ற இரண்டு சொல்லுக்குள் அரங்கத்தின் மின்விசிறி வரை நுழைந்துவிடும்.

பாதித் தொகை முன்பணமாக வரட்டும், மீதி மேடை ஏறும் முன். நிகழ்ச்சி ரத்தானால் என்ன, எத்தனை நாளுக்கு முன் ரத்தானால் எவ்வளவு என்று எழுதுங்கள். ஒலி அமைப்பு யாருடையது, எத்தனை மைக், எத்தனை மானிட்டர், மின்சாரம் போனால் மாற்று உண்டா, நிகழ்ச்சியைப் பதிவு செய்து வெளியிட அமைப்பாளருக்கு அனுமதி உண்டா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அப்புறம் தன் கச்சேரியே விளம்பரத்தோடு இணையத்தில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இலவசமாக வாசியுங்கள், நல்ல விளம்பரம் கிடைக்கும் என்பார்கள். அதே நிகழ்ச்சியில் பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் யாராவது விளம்பரம் மட்டும் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே உங்களுக்குத் தேவையான ஆட்கள் வரும் இடமென்றால் போங்கள், ஆனால் வருபவர்களைத் தொடர்பில் வைத்துக்கொள்ள ஏதாவது வழியோடு போங்கள்.

இன்னொன்று: மேடையில் சொந்தப் பாட்டைப் பாடினாலும், பொதுவாக அரங்கம் சங்கத்துக்குக் கட்டணம் கட்டுகிறது. பாடிய பாட்டுப் பட்டியலைச் சங்கத்துக்கு அனுப்பினால் எழுதியவர் பங்கு உங்களுக்கே திரும்பி வரும். பல நாடுகளில் இதற்கு இணையப் படிவம் இருக்கிறது, கொஞ்ச நேர வேலைதான்.

படி 6: மற்றவர்களுக்காகச் செய்யும் வேலை

பதிவுகளில் வாசிப்பது, சொல்லிக்கொடுப்பது, மற்றவர் பாட்டுக்கு மிக்ஸிங் செய்வது. இதையெல்லாம் இரண்டாம் தர வேலையாகப் பார்ப்பவர்கள் உண்டு, எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. மாதா மாதம் உறுதியாக வரும் பணம் இருந்தால்தான் மோசமான ஒப்பந்தத்துக்கு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் வரும். வகுப்பு என்றால் மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குங்கள், மாணவர் வராத வகுப்புக்கு என்ன விதி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மிக்ஸிங், இசைக்கோர்ப்பு என்றால் எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதை விலையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 7: படம், விளம்பரம், கேம்

காட்சியோடு உங்கள் பாட்டைச் சேர்க்க வாங்குபவருக்கு இரண்டு அனுமதி வேண்டும்: படைப்புக்கு ஒன்று, மாஸ்டருக்கு ஒன்று. இரண்டும் ஒரே ஆள் கையில் இருந்தால் வாங்குபவருக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் காட்சித் தொகுப்பு முடிந்து நாளைக்குள் பாட்டு வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பெரும்பாலும் தேடுவார்கள். படி 2இல் எழுதிய தாள் காசாக மாறும் இடம் இது. வரிகள் இல்லாத இசை மட்டும் உள்ள பதிப்பு, குரல் தனியாக, வாத்தியங்கள் தனித்தனியாக என்று எல்லாவற்றையும் மிக்ஸிங் நாளிலேயே எடுத்து வையுங்கள். அனுமதி வாங்காத சாம்பிள், அதாவது வேறு பதிவிலிருந்து எடுத்த துண்டு, ஒன்று உள்ளே இருந்தாலும் கதவு மூடிவிடும். விலை எதற்கு என்றும் தெளிவாகக் கேளுங்கள்: எந்த நாடுகள், எத்தனை வருடம், எந்தெந்த ஊடகம்.

படி 8: லேபிளோடு, மேனேஜரோடு

அட்வான்ஸ் என்பது பரிசு இல்லை, உங்கள் ராயல்டியில் இருந்து கழிக்கப்படும் முன்பணம். லேபிள் 10 லட்சம் தருகிறது, உங்கள் ராயல்டி 20 சதவீதம் என்றால், உங்கள் 20 சதவீதம் சேர்ந்து 10 லட்சம் ஆகும்வரை அடுத்த காசு வராது. அதற்கு மாஸ்டர் 50 லட்சம் சம்பாதித்திருக்க வேண்டும். லேபிள் தன் 10 லட்சத்தை எப்போதோ எடுத்திருக்கும். பதிவுச் செலவு, வீடியோ, விளம்பரம் என்று எவையெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும் என்பதைப் பாருங்கள். நல்ல பக்கமும் உண்டு: இது பொதுவாகக் கடன் இல்லை, பாட்டு ஓடாவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எதற்காக அழுத்திப் பேசலாம் என்று கேட்டால் நான் இந்த வரிசையில் சொல்வேன். மாஸ்டரை விற்காமல் குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் உரிமம் தருவது. எத்தனை ஆல்பம் என்பதில் லேபிளுக்கு மட்டும் நீட்டிக்கும் உரிமை இருந்தால் அதைக் குறைப்பது. கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை. மறுபடி பதிவு செய்யத் தடை எத்தனை வருடம் என்பது. உங்கள் குரலையும் பதிவையும் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தலாம் என்ற வரி இருந்தால் அதை அடித்துவிடுவது, அல்லது தனி விலை கேட்பது. மேடை, பொருள் விற்பனை எல்லாவற்றிலும் பங்கு கேட்கும் ஒப்பந்தமும் வரும். அந்தந்தத் துறையில் அவர்கள் உண்மையில் வேலை செய்வார்களா என்று கேட்டு, செய்யாததை நீக்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குச் செலவழிக்க யோசிப்பவர்கள் இந்த ஒரு இடத்தில் மட்டும் யோசிக்கக் கூடாது, அதுவும் லேபிள் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம்.

மேனேஜர் கமிஷன் வழக்கமாக 15 முதல் 20 சதவீதம். மொத்த வருமானத்திலா, செலவு போகவா என்பது முக்கியம். மேடைச் செலவு அதிகமுள்ள குழுவுக்கு மொத்தத்தில் 20 கொடுத்தால் மேனேஜருக்குக் கிடைப்பதை விடக் குறைவாகவே கலைஞருக்கு மிஞ்சலாம். பிரிந்த பிறகு எத்தனை வருடம் கமிஷன், எப்படிப் படிப்படியாகக் குறையும் என்பதையும் சேரும்போதே எழுதுங்கள். மாதம் நாலு நிகழ்ச்சி கூட இல்லாதவருக்கு மேனேஜர் தேவையில்லை. அட்டவணையும் பொறுமையும் போதும்.

படி 9: கணக்கு

இசைக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கட்ட வேண்டிய கெடு போட்ட பில். வந்ததில் ஒரு பகுதியை வரிக்கென்று அன்றே ஒதுக்கிவிடுங்கள். ராயல்டி ஆறு மாதம், ஒரு வருடம் தாமதமாக வருவது சாதாரணம், அதனால் இன்று ஓடும் பாட்டின் பணத்தை இந்த மாத வாடகைக்கு நம்பக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை எல்லாச் சங்க அறிக்கைகளையும் எடுத்து உங்கள் பாட்டுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விடுபட்டதைக் கேட்கப் பெரும்பாலான சங்கங்களில் காலக்கெடு இருக்கிறது, அது தாண்டினால் அந்தப் பணம் மற்றவர்களுக்குப் பிரிந்துவிடும்.

இந்த அட்டவணையின் ஒரு பிரதி குடும்பத்தில் ஒருவரிடம் இருக்கட்டும். பெர்ன் ஒப்பந்தப்படி படைப்புரிமை எழுதியவர் இறந்து குறைந்தது 50 வருடம் நீடிக்கும், பல நாடுகளில் 70 வருடம். அத்தனை வருடமும் யாரோ ஒருவர் சங்கத்துக்குக் கடிதம் எழுதி வாங்க வேண்டிய பணம் அது. எந்தச் சங்கம், எந்த எண், எந்தப் பாட்டு என்று தெரிந்தால்தான் அவரால் எழுத முடியும்.